அறுநூற்று நாற்பதுக்கு நானூற்று எண்பது

ஜாக்குலினிடம் இருந்த ஒரே கல்யாணப் படம் அது. போளூர் பதிவாளர் அலுவலக வாசலில் அவளும் ஜெயவேலும் மாலையோடு நிற்பார்கள். இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஜெயவேலின் நண்பன் சத்தியராஜ்தான் தன் புது செல்போனில் எடுத்தான். ஒவ்வொரு முறை போன் மாற்றும்போதும் அந்தப் படத்தை முதலில் பத்திரப்படுத்துவாள்.

இருபதாம் ஆண்டு வந்தது. படத்தைப் பெரிதாக்கி முன்னறைச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டு, ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சரண்யா நடத்தும் போட்டோ கடைக்குப் போனாள்.

சரண்யா படத்தை போட்டோஷாப்பில் திறந்து அளவைப் பார்த்தாள்.

“அக்கா, அகலம் அறுநூத்தி நாப்பது பிக்சல், உயரம் நானூத்தி எண்பது. அவ்ளோதான் இருக்குது. நீங்க கேக்கிற சைசுக்குப் போட்டா மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா ஆயிடும்.”

“வேற வழியே இல்லியாம்மா?”

“கம்ப்யூட்டரே சரி பண்ணி பெருசாக்கும். பாக்கறீங்களா?”

சற்று நேரத்தில் திரையில் ஒரு பளிச்சென்ற ஜோடி நின்றது. மாலையின் இதழ்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. ஆனால் அன்றைக்கு ஜெயவேல் பஸ்ஸுக்கு ஓடிவந்த வியர்வையோடு, வெயிலில் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றான். கம்ப்யூட்டர் அந்தக் கண்ணை அகலத் திறந்துவிட்டிருந்தது.

“யாரோ மாதிரி இருக்காரும்மா. இது வேணாம்.”

“அப்ப எடுத்தவரையே கேளுங்கக்கா. அவருகிட்ட இதவிடப் பெருசா இருக்கலாம்.”

ஜாக்குலின் தயங்கினாள். சாட்சி போட்டதற்காக அவள் அண்ணன்கள் சத்தியராஜின் சட்டையைச் சர்ச் வாசலிலேயே பிடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவன் வந்தவாசிக்குக் குடிபோனான். அந்தக் கூச்சத்தில் அவள் அவனிடம் பேசுவதையே விட்டிருந்தாள். கடைக்கு வெளியே வந்து, கணவனிடம் எண்ணை வாங்கி அழைத்தாள்.

“யாரு, ஜாக்குவா?” ஒரு சொல்லிலேயே குரலைக் கண்டுபிடித்துவிட்டான்.

விஷயத்தைச் சொன்னாள். அவன் மெதுவாகச் சிரித்தான்.

“அந்த போன்ல அதுதாம்மா பெரிய சைசு. அதுக்கே எடமில்ல. எங்க நாய்க்குட்டி போட்டோவ அழிச்சிட்டுதான் உங்கள எடுத்தேன். அப்புறம் மூணு பேரும் பஸ் ஸ்டாண்டுல ஒரே பிரியாணிப் பொட்டலத்தப் பிரிச்சி வெச்சிகினு தின்னோமே, ஞாபகம் இருக்குதா?”

அவளுக்கு இலையின் வாசனைகூட நினைவிருந்தது.

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கண்ணா,” என்றாள்.

படம் உள்ளங்கை அளவில்தான் அச்சாகி வந்தது. சரண்யா சுற்றிலும் அகலமாக வெள்ளை விட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சத்தியராஜ் வந்தான், தலை பாதி நரைத்து. முகம் தெரிய வேண்டுமென்றால் மூவரும் கிட்டத்தில் குனிய வேண்டியிருந்தது.

“ஒரு கண்ண இடுக்கிகினு இருக்கன் பாருடா,” என்றான் ஜெயவேல்.

“ஒழுங்கா நில்லுன்னு அன்னிக்கே சொன்னேன். நீ எங்க கேட்ட, அவளையே பாத்துகினு இருந்த.”

ஜாக்குலின் சட்டத்தைக் கையில் வாங்கி மறுபடி பார்த்தாள். ஆமாம், அவன் கேமரா பக்கமே பார்க்கவில்லை.