யார் கன்னத்துச் செல்

1.

அக்கா கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், பல்குச்சியின் மழுங்கிய முனையால் தன் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டியது.

(அதற்குப் பிறகும் அவள் சாப்பிட்டாள், துணி மடித்தாள், தூங்கினாள். கதையில் அதெல்லாம் வராது. தனக்கு வசதியான ஒன்றைப் பொறுக்கி எடுத்து "இதுதான் கடைசி" என்று சொல்லிக்கொள்வது கதைகளின் பிழைப்பு. முதல் வரியிலேயே பொய் சொல்லியாயிற்று, இனிக் கூச்சமில்லை.)

இந்தக் கதையை எழுதத் தூண்டியது துக்கம் அல்ல, அக்கா வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியர். துக்கம் விசாரிக்க வந்தவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னார்:

"டீச்சர் பேர்ல ஒரு நினைவு மலர் போடறோம்மா. நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. செல் பாடம்னா டீச்சர்தான், இல்லையா? அதையும் அவங்க வாழ்க்கையையும் சேர்த்து, மனசைத் தொடற மாதிரி."

"செல்லையும் அக்காவையும் எப்படி சார் சேர்க்கறது?"

"அட, அவங்க இப்ப நம்ம ஒவ்வொருத்தர் செல்லுலயும் வாழறாங்க, இல்லையா?"

அக்கா இருந்திருந்தால், "உட்கருவுலயா சார், சைட்டோபிளாசத்துலயா?" என்று கேட்டிருப்பாள். நான் தலையாட்டினேன். துக்க வீட்டில் தலையாட்டுவதற்கு மட்டும்தான் அனுமதி.

2.

மனதைத் தொடும் தொடக்கங்கள் மூன்றை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "உயிர்களின் அடிப்படை அலகு செல். எங்கள் குடும்பத்தின் அடிப்படை அலகு அக்கா. அவள்—"

போதும். இதை எழுதிய கைக்குச் சோறு போடவே எனக்கு இஷ்டமில்லை.

இரண்டாவது: "தாவர செல்லுக்குச் சுவர் உண்டு, விலங்கு செல்லுக்கு மெல்லிய சவ்வு மட்டும்தான். அக்கா சுவரோடு பிறந்தவள், தங்கையோ—"

இதை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் இங்கே விட்டுவைத்திருக்கிறேன். செல்லைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் எல்லோரும் நேராகப் போய் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது: "செல் என்பது ஒரு தொழிற்சாலை."

இது மற்ற இரண்டையும்விட மோசம். உட்கரு மேலாளராம், மைட்டோகாண்ட்ரியா மின்நிலையமாம், செல் சவ்வு வாசல் காவலாளியாம். பாடப்புத்தகத்தில் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அக்காவுக்குப் பல் கூசும்.

"எந்த ஃபேக்டரிடி தன்னைத்தானே ரெண்டா பிச்சுக்கிட்டு, மறுநாள் ரெண்டும் வேலைக்குப் போகுது? புரியலன்னா புரியலன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. எதுக்கு இந்த வாட்ச்மேன், மேனேஜர் எல்லாம்?"

ஆகவே இந்தக் கதையில் செல் எதற்கும் உவமை அல்ல. செல் என்றால் செல். எங்கேயாவது நான் வழுக்கி விழுந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

3.

நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா உயிரியல் ஆசிரியை. தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். (தங்கை நான்தான். "நான்" என்று எழுதினால் அழுகை முந்திக்கொள்கிறது. அழுகிற கதைகளை அக்கா பாதியில் மூடிவிடுவாள்.) இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் இருந்தார்கள். அதற்குப் பின்னால் சோகக் கதை எதுவும் இல்லை. அதை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

பள்ளியின் மைக்ராஸ்கோப் லென்ஸில் பூஞ்சை படர்ந்திருந்தது. பழுதுபார்க்க ஆள் வரும், ஆள் வரும் என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொண்டே இருந்தது. அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் அதைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள். தங்கை சமையலறை மேசையில் வைத்து லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க, அக்கா முதலில் வெங்காயத்தின் உள்தோலை உரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தாள்.

"பாரு."

செங்கல் அடுக்கியதுபோல் கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உட்கரு, ஓரத்தில் ஒண்டிக்கொண்டு.

"நடுவுல ஒண்ணுமே இல்லையே?"

"தண்ணிப் பை. பாதிக்கு மேல எடத்தை அதுதான் அடைச்சுக்கும். அது உள்ளேருந்து அழுத்தறதாலதான் வெங்காயம் வெறைப்பா இருக்கு. தண்ணி வத்தினா எல்லாம் சுருங்கிடும். சுவர் மட்டும் நிக்கும். நீ முழங்கை ஊணியிருக்கியே இந்த மர மேசை, இதுவும் அப்படி நின்ன சுவர்தான். உள்ள இருந்ததெல்லாம் எப்பவோ செத்தாச்சு."

"செடின்னா பச்சையா இருக்கணுமே?"

"வெயிலே படாத தோல்ல பசுங்கணிகம் உட்கார்ந்து என்ன பண்ணும்? உன்னை மாதிரி வேடிக்கை பாக்குமா? வாயைத் திற."

"எதுக்கு?"

"அடுத்தது விலங்கு செல். கன்னத்துல சுரண்டணும். ஒருநாளாவது உன் வாயிலேருந்து உருப்படியா ஏதாவது வரட்டும்."

"உன்னோடதைச் சுரண்டிக்கோயேன்."

"என்னோடதைச் சுரண்டியாச்சு. ஒண்ணு சொதப்பினா கைவசம் இன்னொண்ணு வேணும். தொற."

இரண்டு தகடுகளில் இரண்டு கன்னங்கள். காயவைத்து, நீலச் சாயம் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி வைத்து, விளிம்பைச் சுற்றி நகப்பூச்சு தடவினாள். நகத்துக்கு ஒருநாளும் பூசாதவள், ஸ்லைடை மூடுவதற்கென்றே அந்த பாட்டிலை வைத்திருந்தாள்.

"பேர் எழுதலையா?"

"எவ வாய்னா பாக்கப் போறாங்க? செல்லைத்தானே பாக்கப் போறாங்க."

தங்கை குனிந்து பார்த்தாள். கட்டமில்லை, வரிசையில்லை. கசக்கிப் பிரித்த காகிதம் மாதிரி ஓரம் மடங்கிய தட்டையான துண்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீலப் புள்ளி. இரண்டு ஸ்லைடிலும் அதேதான்.

(காகிதம் என்றது உவமை. தேடிப் பார்த்தேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.)

4.

மறுநாள் காலை, பள்ளிக்கு எதிரே சாலையைக் கடக்க நின்ற அக்கா அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி வர வேண்டும். எழுதவில்லை. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.]

வீடு நிறைய ஆட்கள். "யாருக்கும் தொந்தரவு குடுக்காம போயிட்டா" என்றார்கள், ஏதோ ரயில் பெட்டியில் இடம் விட்டுக்கொடுத்தவளைப் பாராட்டுவதுபோல. சித்தி வந்து சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டாள். சித்திக்குத் துக்கம் வந்தால் பாத்திரம் கழுவுவாள். கழுவினதையே மறுபடி கழுவுவாள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் தங்கை மேசையைப் பார்த்தாள். மைக்ராஸ்கோப் இருந்தது. பக்கத்தில் கன்னத்து ஸ்லைடு ஒன்றுதான் இருந்தது.

"சித்தி, இங்க ரெண்டு கண்ணாடி இருந்துதே?"

"நீலமா அழுக்குப் புடிச்சுக் கெடந்ததா? டம்ளரோட சேர்த்துக் கழுவி வெச்சேன். சாமானியத்துல போகல, நகத்தால சுரண்டித்தான் எடுத்தேன். அப்புறம் பளபளன்னு ஆயிடுச்சு."

"ரெண்டையுமா?"

"ஒண்ணுதான். அதுக்குள்ள யாரோ தண்ணி கேட்டாங்க."

"எந்தப் பக்கம் இருந்ததைக் கழுவினீங்க? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"கண்ணாடிக்கு ஏதுடி பக்கம்?"

"சித்தி, யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணு அவளோடது. ஒண்ணு என்னோடது."

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு, தன் விரல் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடுவதுபோல. அப்புறம் சுவரோரம் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

சித்தியைக் கேலி செய்ய நாலு வரி தயாராக வைத்திருந்தேன். நல்ல வரிகள்தான். போடவில்லை.

5.

இனி இந்தக் கதையில் ஒரே ஒரு கேள்விதான். மிஞ்சியிருக்கும் ஸ்லைடு யாருடையது? அக்காவுடையது என்றால், உலகத்தில் அவள் உடம்பில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான், ஒரு கண்ணாடித் துண்டின் நடுவில் நீலமாக. தங்கையுடையது என்றால் அது வெறும் எச்சில்.

கடையிலிருந்து வந்ததும் தங்கை மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அக்காவுடையது பெரிதாக இருக்குமோ? ஓரம் அதிகம் மடங்கியிருக்குமோ? அக்காவின் கன்னம் தன்னுடையதைவிடச் சூடு என்று நினைத்துக்கொண்டாள். சூட்டைக் காட்டும் லென்ஸை அவள் கடையில் யாரும் தேய்ப்பதில்லை.

மைக்ராஸ்கோப்பைத் திரும்ப எடுத்துப்போக, அக்காவின் இடத்துக்கு வந்திருந்த புது டீச்சர் வந்தாள். பேசும்போது துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு நிமிஷம் இதைப் பாருங்களேன்" என்றாள் தங்கை. "யாரோடதுன்னு சொல்ல முடியுமா?"

புது டீச்சர் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள்.

"முடியாதுங்க. கன்னத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். எனக்கு, உங்களுக்கு, ஹெட்மாஸ்டருக்கு..."

"ஹெட்மாஸ்டருக்கும் உட்கரு உண்டா?"

புது டீச்சர் சிரித்துவிட்டு, துக்க வீடு என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தப்பா நெனைக்காதீங்க. இதுல உயிர் இல்லீங்க. மேல இருக்கற அடுக்கு எப்படியும் உதிரப்போறதுதான். சாப்பிடறப்ப, பேசறப்ப, தினமும் உதிர்ந்துக்கிட்டேதான் இருக்கும்."

"அவ பேசின பேச்சுக்கு நெறையவே உதிர்ந்திருக்கும்."

"நான் இதை எடுத்துக்கட்டுமா? லேப்ல விலங்கு செல்லுக்கு ஸ்லைடே இல்ல. டீச்சர் சீல் பண்ணினது ரொம்ப சுத்தமா இருக்கு."

ஸ்லைடு மைக்ராஸ்கோப்பின் மேடையிலேயே இருந்தது. புது டீச்சர் துணிப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

6.

இங்கேதான் தலைமையாசிரியரின் இரண்டு பக்கம் முடிய வேண்டும். அவர் விருப்பப்படி முடிவுகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம்.

முடிவு அ: தங்கை கொடுக்கிறாள். அது அக்காவுடையது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று தங்கள் டீச்சரைப் பார்க்கிறார்கள். ஒரு சிறுமி, "டீச்சர் இங்கதான் இருக்காங்க!" என்கிறாள். (அந்தச் சிறுமியை நான் படைக்க மாட்டேன். அவளை வேறு கதைகளில் நிறையப் பார்த்தாயிற்று.)

முடிவு ஆ: தங்கை கொடுக்க மறுத்து அலமாரியில் வைத்துக்கொள்கிறாள். சாயம் வெளுத்துப்போகிறது. ஒரு நாள் எடுத்துப் பார்த்தால் வெறும் கண்ணாடி. (இலக்கியம் என்பார்கள். நகப்பூச்சு சரியில்லை என்பாள் அக்கா.)

முடிவு இ: பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி மரபணு பார்க்கிறார்கள். தங்கையுடையது என்று வருகிறது. விதியின் கேலி என்று வாசகர் பெருமூச்சு விடுகிறார். (விடட்டும். நல்லதுதான், மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது.)

என் கையில் இருப்பது ஒரு பேனா. "அது அக்காவுடையது" என்று ஒரு வரி எழுதினால் அது அக்காவுடையதாகிவிடும். கதைக்குள் என்னை யார் கேட்பது? அந்த வரியைப் பல முறை எழுதினேன். எழுதி முடித்த நிமிடம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஒவ்வொரு வருடமும் அக்கா கன்னத்துச் செல்லைப் பார்த்து வரையச் சொன்னால், பிள்ளைகள் உள்ளே அவரை விதை மாதிரி மைட்டோகாண்ட்ரியாவை வரைந்து, அம்புக்குறி போட்டு, அழகாகப் பெயரும் எழுதிக் கொண்டுவருவார்கள். பள்ளி மைக்ராஸ்கோப்பில் அது அப்படித் தெரியவே தெரியாது. புத்தகத்தைப் பார்த்து வரைந்தது. அக்கா சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் சிவப்பு மையில் அடிப்பாள்.

"உள்ள அது இருக்கத்தானே செய்யுது, விடேன்" என்பேன்.

"இருக்கு. ஆனா இவன் பாத்தானா? பாக்காததை வரைஞ்சவன் நாளைக்கு எதை வேணா வரைவான்."

அதனால் என் வரியையும் நானே அடித்துவிட்டேன். பார்த்ததைச் சொல்கிறேன்: ஓரம் மடங்கிய தட்டையான செல்கள். சுவர் இல்லை. மெல்லிய சவ்வு, உள்ளே மங்கலான சைட்டோபிளாசம், நடுவில் நீலமாக உட்கரு. யார் பெயரும் இல்லை.

புது டீச்சரின் பையில் அன்று என்ன போனது, என்ன போகவில்லை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் தலைமையாசிரியரின் மனதைத் தொட்டுவிடும். தங்கை கொடுத்தாளா, யாருடையதைக் கொடுத்தாள் என்பதை நீங்களே உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இப்படி ஓர் அக்காவும் இல்லை, சிவப்பு மையும் இல்லை, தைரியமாக எழுதலாம்.

ஒன்பதாம் வகுப்புக்கு, புதன்கிழமை, மதிய இடைவேளை முடிந்ததும் அக்கா எடுத்த முதல் பாடவேளை இன்னும் உயிரியல்தான்.