மூன்று வருகை, ஒன்பது பேர்

சவப்பெட்டிக்குள் அக்காவின் தலைக்கு அணை கொடுக்க இன்னொரு துணி வேண்டியிருந்தது. லுசுங்கு பாவாடைமேல் கட்டியிருந்த சுற்றுத்துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். வெளியே பெண்கள் வந்தவர்களுக்காகச் சீமா, சோளமாவுக் களி, கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா தெம்வா நேற்றுக் காலை சோளக் கொல்லையில் விழுந்தவள், எழுந்திருக்கவில்லை. ரத்தக் கொதிப்பு. அதற்கான மாத்திரை மாதம் ஒருமுறை மருத்துவ வண்டியில் வரும். ஆறு மாதமாக அந்த வண்டி இந்தக் கபாண்டா ஊருக்கு வருவதில்லை.

எந்த ஊருக்கு வண்டி போகவேண்டும் என்று மாவட்ட அலுவலகத்தில் முடிவு செய்பவள் லுசுங்குதான். அது ஊரில் யாருக்கும் தெரியாது. எங்கே கூட்டம் வரும் என்று முன்கூட்டி யாராலும் சொல்லமுடியாது; போனமுறை எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்துத்தான் பட்டியல் போடவேண்டும். கபாண்டாவில் மூன்று வருகைக்கு ஒன்பது பேர். பட்டியலில் ஊர்ப் பேரை அடித்துவிட்டாள். அக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தாள். கேட்கவில்லை.

பக்கத்தில் அண்டை வீட்டுத் தியோங்கே மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். லுசுங்கு அதன் நெற்றியைத் தொட்டாள்.

"அனலா கொதிக்குதே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலையா?"

"சாவு வீட்ட விட்டுட்டா? நாளைக்கு என் வீட்ல விழுந்தா யாரு வருவா?" தியோங்கே குரலைத் தாழ்த்தினாள். "மழைக்காலத்துல வாரம் ஒரு சாவு. வண்டி வந்த மூணு நாளும் ஊரே இடுகாட்டுலதான் நின்னுச்சு. அப்புறம் வண்டிக்காரங்களுக்கும் சலிச்சுப் போச்சுபோல."

சாவு விழுந்த நாளில் இந்த ஊரில் மண்வெட்டியைக்கூடத் தொடமாட்டார்கள். இங்கே பிறந்த லுசுங்குவுக்கு அது தெரியாதா? தெரியும். தாளில் எண்ணைப் பார்த்தபோது ஊரை நினைக்கவில்லை.

பெட்டியை முற்றத்தில் வைத்தார்கள். புதைக்குமுன் நோய் வந்த கதையை வீட்டார் ஒருவர் எல்லோருக்கும் சொல்லவேண்டும். ஊர்த்தலைவர் அவளைப் பார்த்தார்.

"படிச்ச பொண்ணு. நீயே சொல்லும்மா."

எழுந்தாள். "ரத்தக் கொதிப்பு. மாத்திரை தீர்ந்துபோச்சு. வண்டி வரல."

அடுத்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

"அவ்வளவுதான்."

"எந்தப் புண்ணியவான் நிறுத்தினானோ," என்றார் தலைவர். "போகட்டும். நம்ம பொண்ணு அந்த ஆபீஸ்லதான் இருக்கா. அவ பாத்துக்குவா."

கூட்டம் தலையாட்டியது. தியோங்கே குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, பாயில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.