அறுபது முடிச்சுகள்

1

இதை எழுத உட்காரும்போது வியாழக்கிழமை மாலை ஐந்து மணி. கம்பளி நூல் கடை சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறக்கும். இடையில் நாற்பத்தொரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் அப்பாவிடம் நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வாய் வரவில்லை, அதனால் கதை எழுதுகிறேன். இந்தக் கதை பிறந்த விதம் இவ்வளவுதான். இதைவிடக் கௌரவமான காரணம் கிடைத்தால் பிறகு மாற்றிக்கொள்கிறேன்.

அரை மணி நேரம் முன்பு அப்பா போன் செய்தார்.

"அம்மாவோட அரக்கு ஸ்வெட்டர் முழங்கையில பிஞ்சு போச்சு. அதே நூல்ல ஒட்டுப் போடணும்."

"நான் வாங்கி அனுப்பட்டுமாப்பா?"

"வேணாம். சனிக்கிழமை நானே போறேன். மிச்ச உருண்டை ஒண்ணு வெச்சிருக்கேன். அதைக் காட்டி, இந்த அரக்குல ஒண்ணு குடுங்கன்னா குடுத்துட்டுப் போறாங்க. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. "ஒம்போது ஸ்வெட்டர் ஓடுது. போட்டுக்க ஒண்ணு இல்ல."

அப்பா சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். நான் காகிதம் தேடி எடுத்தேன்.

2

தொடக்கங்கள்.

"கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர், ஓய்வு நேரங்களில் ஸ்வெட்டர் பின்னுவார். அவருடைய விரல்கள்—"

(நிறுத்திவிட்டேன். ‘ஓய்வு நேரம்’ என்பதைப் படித்தால் அப்பா, "எனக்கா?" என்று கேட்பார். அவருக்குப் பின்னலும் வேலைதான். விரல்களை வர்ணித்தால் அடுத்த வரியில் நான் அழுதுவிடுவேன் என்பது இன்னொரு காரணம்.)

"ஒரு வீட்டில் நிறங்களுக்கெல்லாம் ஒரு சிறுமிதான் பொறுப்பு. அவள்—"

(அடித்துவிட்டேன். ‘நான்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கும்போதெல்லாம் ‘அவளை’க் கூப்பிடுகிறேன். பழியை அவள் தலையில் கட்டுவது சுலபம். இந்த முறை அவள் வரவேண்டாம்.)

"சிவப்பும் பச்சையும் அப்பாவுக்கு ஒன்றுதான்."

இந்த வரி நிற்கிறது. இதிலிருந்து போகிறேன்.

அப்பாவுக்கு மஞ்சள் தெரியும், நீலம் தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு, அரக்கு நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். அந்த நிறத்துக்கு ‘காய்ந்த இலை’ என்று அவரே பெயர் வைத்திருக்கிறார். வாலிபத்தில் ரயில் ஓட்டும் வேலைக்குப் போனபோது மருத்துவச் சோதனையில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு வட்டத்தைக் காட்டினார்களாம். "அதுல ஒரு நம்பர் இருக்குதுன்னாங்க. நான் புள்ளியத்தான் பாத்தேன்" என்பார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து வெளியாள் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை.

[குறிப்பு: இது எக்ஸ் குரோமோசோமில் வருகிறது. தந்தைக்கு இருந்தால் மகளிடம் கட்டாயம் இருக்கும், ஆனால் பெரும்பாலும் வெளியே தெரியாது. அதாவது அவருடைய காய்ந்த இலை என்னிடமும் இருக்கிறது. கல்லூரியில் இதைப் படித்த அன்று பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.]

3

நூல் கடையில் அலமாரிகள் கூரைவரை போகும். ஏணி வைத்து ஏறித்தான் மேல்தட்டு நூலை எடுப்பார்கள். எங்கும் அந்துருண்டை வாசனை. அப்பா ஊசிப் பெட்டிப் பக்கம் போய் நின்று, ஊசிகளைப் பார்ப்பதுபோல நடிப்பார். நான் நூல்களைப் பார்ப்பேன். பிறகு அவர் அருகில் போய் மெதுவாகச் சொல்வேன்.

"சிவப்பு எப்படி இருக்கு?"

"சத்தமா இருக்குப்பா."

"அரக்கு?"

"அதே சிவப்பு, கதவ மூடிட்டு உள்ள பேசற மாதிரி."

"பச்சை?"

யோசித்தேன். எனக்கு அப்போது ஏழு வயது. "பச்சை பேசாதுப்பா."

அவர் தலையாட்டிக்கொண்டார். நான் சொன்ன எதையும் அவர் சரிபார்த்ததில்லை. சரிபார்க்க அவருக்கு வழியும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு உருண்டையின் நுனியிலும் நான் முடிச்சுப் போடுவேன். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு, பழுப்புக்கு மூன்று, அரக்குக்கு நான்கு. அவர் நுனியைத் தடவி நிறத்தைத் தெரிந்துகொள்வார். ஆனால் எதன் பக்கத்தில் எது எடுபடும் என்று முடிச்சு சொல்லாது. அதற்கு நான் வேண்டும். ஒரு ஸ்வெட்டரில் நிறம் மாறும் இடம் வந்துவிட்டால், நான் பள்ளியிலிருந்து வரும்வரை அது அப்படியே நிற்கும். கை சும்மா இருக்காதே, அவர் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். அதனால்தான் எங்கள் வீட்டில் எப்போதும் ஐந்தாறு ஸ்வெட்டர்கள் ஒரே சமயத்தில் ஓடும். நடையில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு துணிப்பை. பள்ளிவிட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "இதுக்கு அடுத்தது என்ன?" என்று ஒரு பை முகத்துக்கு நேரே வரும். நான் சொல்வேன். பையும் ஊசியும் உயிர்பெறும். அந்த வீட்டில் நான் அதிகம் பேசாத பிள்ளை. பேசியதில் பாதி நிறங்களின் பெயர்கள்.

இப்போது ஆறு மணி நேரப் பேருந்துத் தொலைவில், ஒரு சாயத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நிறத்தை எண்ணாக மாற்றும் கருவி ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. நான் ஊருக்குப் போவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதற்குள் பைகள் ஒன்பதாகிவிட்டன. ஒன்பதும் நிறம் மாறும் வரிசையில் வந்து நிற்கின்றன.

[குறிப்பு: போனில் காட்டினால் நிறத்தின் பெயரைச் சொல்லும் செயலி இருக்கிறது. நான்கு வருடமாக எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னதில்லை. காரணம் அடுத்த பகுதியில்.]

4

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதி அழித்தேன். நான்காவது முறை சுருக்கமாக.

எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா எனக்கென்று ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் தொடங்கியிருந்தார். மஞ்சள் அவருக்கே தெரியும் என்பதால், அதற்கு நான் தேவையில்லை. "மஞ்சள் எங்க ஓடிடப் போகுது? எப்ப வேணா போட்டுக்கலாம்" என்று அதையே தள்ளிவைத்துக்கொண்டிருந்தார். அது அக்குள்வரை வந்து நின்றிருந்தது. நான் வளர்ந்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு அரக்கில் ஒன்று தொடங்க வேண்டும் என்றார். அந்த அளவு ஊசி ஒரு ஜோடிதான் இருந்தது. அது என் மஞ்சளில் இருந்தது. என் கண்ணெதிரே, பின்னல் பிரிந்துவிடாமல் இருக்க, மஞ்சளின் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஒரு வெள்ளை நூலில் கோத்துவிட்டு ஊசியை உருவிக்கொண்டார். "ரெண்டு மாசம்தான் கண்ணு" என்றார்.

மேசையில் இரண்டு பைகள் இருந்தன. அம்மாவுக்குப் பத்து உருண்டை அரக்கு. பெரியப்பாவுக்குப் பத்து உருண்டை கரும்பச்சை. முடிச்சுப் போடும் வேலை என்னுடையது.

பச்சை ஒவ்வொன்றுக்கும் நான்கு முடிச்சுப் போட்டேன். அரக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு.

(இங்கே ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: "சிறுபிள்ளைத்தனமாகக் கைதவறி—". அடித்துவிட்டேன். பத்து நான்கு நாற்பது, பத்திரண்டு இருபது. கைதவறி யாரும் அறுபது முடிச்சுப் போட முடியாது. முப்பதாவது முடிச்சில் விரல் வலித்தது. உதறிக்கொண்டு மீதியைப் போட்டேன்.)

5

அம்மா பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. பகுதி இரண்டிலிருந்து அவரை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன். தபால் நிலையத்தில் நாள் முழுதும் கடிதங்களைப் பிரிப்பவர், எது எங்கே போகவேண்டும் என்பதில் தவறவே மாட்டார். அவர் எப்படிக் கவனிக்காமல் இருந்திருப்பார்?

கவனித்தார். நான்கு விரல் அகலம் வளர்ந்ததும், அப்பா அளவு பார்க்க அதை அம்மாவின் இடுப்பில் வைத்துப் பிடித்தார்.

"அரக்கு எப்படி? நீ கேட்ட மாதிரி இருக்கா?"

அம்மா குனிந்து பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்ட மாதிரியேதான் இருக்கு" என்றார்.

அந்த நொடியில் சொல்லியிருந்தால் அவிழ்க்க வேண்டியது நான்கு விரல் அகலம்தான். இப்போது பதினான்கு வருடம்.

ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரம்மா அப்பா எதிரிலேயே, "இந்தப் பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டார். அவர் போனதும் அம்மா, "பாவம், கண்ணாடி மாத்தணும் அவங்க" என்றார். அப்பா வருத்தப்பட்டார், பக்கத்து வீட்டுக்காரம்மாவின் கண்ணுக்காக. நான் புத்தகத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோனேன்.

அதன் பிறகு அப்பா எப்போது நிறம் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான். "என்னைக் கேக்காதீங்க. அது உங்க மக டிபார்ட்மெண்ட்." வெகுநாள் அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

(பெரியப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவருக்கு அரக்கு போனது. மிகவும் பிடித்திருப்பதாகக் கடிதம் போட்டார். நிறத்தைக் குறிப்பிடவில்லை. அவரை எண்ணி நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.)

6

வெள்ளிக்கிழமை பிற்பகல், பேருந்தில். ஆம், கிளம்பிவிட்டேன். வழியில் முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு ஒன்று. நான் முந்திக்கொண்டு கடைக்குப் போகிறேன். அதே கரும்பச்சையில் ஒரு உருண்டை வாங்கி, நான்கு முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறேன். முழங்கை சரியாகிறது. யாருக்கும் வலிக்கவில்லை. இந்த முடிவு நன்றாகவே வேலை செய்கிறது. அதைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவு இரண்டு. நான் சொன்னதும் அப்பா புன்னகைத்து, "எனக்கு எப்பவோ தெரியும்" என்கிறார். எழுத மிகவும் ஆசையாக இருந்தது. அரைப் பக்கம் எழுதியும்விட்டேன். கிழித்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. என் வசதிக்காக அவரை ஞானியாக்கக் கூடாது.

முடிவு மூன்று. நான் சொல்லவில்லை. அப்பா உருண்டையை நீட்டி, "இந்த அரக்குல ஒண்ணு" என்கிறார். கடைக்காரம்மா, "இது பச்சைங்களே" என்கிறார். கூடவே சிரிக்கிறார், கெட்ட எண்ணமில்லாமல்தான். அப்பா வீட்டுக்கு வந்து உருண்டையை மேசைமேல் வைக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் என்னிடம் எந்த நிறமும்—

(இதை முடிக்க முடியவில்லை.)

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. கருவி ஒருமுறை தவறாகக் காட்டியது தெரிந்தால், அது முன்பு காட்டிய எல்லா அளவுகளையும் சந்தேகிக்க வேண்டும். சத்தமான சிவப்பு, கதவு மூடிய அரக்கு, பேசாத பச்சை எல்லாம் அதில் போகும். அவருக்கு நான் கொடுத்த அத்தனையும். ஒன்பது பைகளும்.

7

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. அம்மா சமையலறையில் இருந்தார். பச்சை ஸ்வெட்டர், முழங்கையில் ஓட்டை. நேற்றிரவு நான் வந்து இறங்கியபோது கேட்காததை இப்போது கேட்டார்.

"எதுக்கு வந்த?"

"சும்மாம்மா."

"சும்மா ஆறு மணி நேரம் பஸ்ல வருவியா நீ?"

நான் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவிய தம்ளர்.

"நான் சொல்ல மாட்டேன்டி" என்றார் அம்மா. பதினான்கு வருடத்தில் முதல்முறையாக. "அன்னிக்கு அவர் முகத்தப் பாத்தேன். உன் முகத்தையும் பாத்தேன். ரெண்டுக்கும் நடுவுல நான் என்னத்தச் சொல்றது? ஒரு தடவை சொன்ன பொய்யே போதும்னு அப்பறம் நிறம் பக்கமே தலை வைக்கல. இனிமே உன் பாடு."

"கோவமாம்மா?"

"எனக்கென்ன கோவம்? போட்டுப் போட்டு இந்தப் பச்சையே பிடிச்சுப் போச்சு." ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார். "முழங்கைதான் குளுருது."

நடைக்கு வந்தேன். ஒன்பது ஆணிகள், ஒன்பது பைகள். மூலையில் பத்தாவது ஆணியும் இருந்தது. அம்மாவின் கணக்கில் வராத பை. உள்ளே கை விட்டேன். மஞ்சள். கண்ணிகள் இன்னும் அந்த வெள்ளை நூலில் வரிசையாகக் கோத்தபடி இருந்தன, ஒன்றுகூட நழுவவில்லை. நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். என் இரண்டு சாண் அகலம்தான் இருந்தது. இவ்வளவு சிறிதாகவா இருந்தேன், அவ்வளவு கோபத்தோடு?

ஒன்பது நாற்பது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். தலை வாரியிருந்தார். கடையில் முதல்முறை தனியாகப் பேசப்போகிறவரின் முகம். என் கையில் மஞ்சளைப் பார்த்து, "அத எதுக்கு எடுத்த? எனக்கு வெக்கமா இருக்கு" என்றார்.

வாசகரே, கீழே நான் சொல்லும் கடைசி வரியோடு என் பங்கு முடிகிறது. அதற்கு அப்பா சொன்ன பதில் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. அந்தப் பதில் அவருடையது. அதை எடுத்து என் கதைக்கு முடிவாகத் தைத்துக்கொண்டால், அது அறுபத்தொன்றாவது முடிச்சாகிவிடும். உங்களுக்கு ஒரு அப்பா இருப்பார், அல்லது இருந்திருப்பார். அவர் என்ன சொல்வார் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா சட்டைப்பையிலிருந்து அந்த உருண்டையை எடுத்தார். நுனியைத் தேடிப் பிடித்து, கட்டைவிரலால் தடவினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"பாத்தியா? இத்தனை வருஷத்துல ஒண்ணுகூட அவுழல. யாரு போட்ட முடிச்சு!"

"அப்பா," என்றேன். "அது அரக்கு இல்ல, பச்சை. நான்தான் வேணும்னே மாத்திப் போட்டேன்."