அந்தோனியைக் கொன்றவருக்கு ஒரு கடிதம்

எழுத்தாளர் தாழையன் காலமானார் என்ற செய்தி, காகிதத் தட்டுப்பாட்டால் கொப்பி ஒற்றையில் அச்சாகி வந்த பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. மக்டலீன் அதைச் சங்கக்கடை வரிசையில் நின்றபடியே வாசித்தாள். பிறகு மாவும் வாங்காமல் வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

குருநகரில் ஷெல் விழத் தொடங்கியபோது தமையன் பேதுருவின் குடும்பத்தோடு அரியாலைக்கு இடம்பெயர்ந்தவள் அவள். புருசன் செபநாயகம் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஏழு வருசம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு அடுத்தபடி அவள் காத்திருந்தது அதே பத்திரிகையில் வந்த தாழையனின் தொடர்கதைக்குத்தான். அவருடைய பழைய நாவல்கள் ஐந்தையும் அட்டை கழன்று போகும்வரை வாசித்திருந்தாள். இந்தத் தொடர்கதையில் பிலோமினா என்று ஒருத்தி. அவள் புருசன் அந்தோனி மீன்பிடிகாரன். அந்தோனி தொழிலுக்குப் போய்ப் பத்திரமாகக் கரைக்கு வருகிற ஒவ்வொரு வாரமும் மக்டலீனின் வயிறு குளிரும். போன மாதம் தாழையன் அவனைக் கடலில் சாகடித்துவிட்டார்.

அதை வாசித்த அன்று பின்னேரமே மக்டலீன் அவருக்குக் கடிதம் எழுதினாள். எழுதினாள் என்பதைவிட ஏசினாள் என்பதுதான் சரி. பேதுருவிடம் கொடுத்துப் பத்திரிகைக் கந்தோரில் சேர்ப்பித்தாள். அடுத்த கிழமை தொடர்கதை வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. பிறகு இந்தச் செய்தி. மாரடைப்பாம்.

அழுகை வரவில்லை. நெஞ்சில் ஒரு கல் வந்து குந்திக்கொண்டது. ஒரு கிழமையாகச் சோற்றை அளைந்துவிட்டு எழும்பினாள். கடைசியில் பேதுரு பிடித்து வைத்துக் கேட்டபோதுதான் சொன்னாள்.

"அந்த மனுசனைச் சாகடிச்சது நான்தான், அண்ணை."

"விசர்க்கதை கதையாதை. கடிதம் வாசிச்சுச் செத்த ஆளை எங்கையாவது கண்டனியோ?"

பேதுரு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த நாள் காலையில் சைக்கிளுக்குக் காற்றடித்து, "ஏறு, புத்தூருக்கு, அந்த மனுசன்ரை வீட்டை போவம்" என்றான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து பந்தல் பிரித்திருந்தார்கள். தாழையனின் மனைவி செல்வநாயகி விறாந்தையில் தனியே இருந்தா. தெரியாத இருவரைக் கண்டதும் பாயை இழுத்துப் போட்டா.

"நான் மக்டலீன். ஐயாவுக்கு ஒரு கடிதம் போட்டனான்..."

"கடிதமோ? பொறுங்கோ பிள்ளை." செல்வநாயகி உள்ளே போய், நூலால் கட்டிய ஒரு கட்டோடு வந்தா. "பேப்பர்க் கந்தோராலை முந்தநாள்தான் குடுத்து விட்டவை. மூண்டு கிழமையா அங்கையே கிடந்ததாம். இதுக்கை இருக்கோ பாருங்கோ."

மூன்றாவதாக இருந்தது. சோற்றுப் பசை போட்டு அவள் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. மக்டலீன் அப்படியே பாயில் இருந்துவிட்டாள். அவர் வாசிக்கவே இல்லை!

"அவருக்கு நாலு வருசமாய் நெஞ்சு வருத்தம். சண்டைக்குள்ளை மருந்துக் குளிசையும் கிடைக்காமல் படுத்திட்டார்" என்று சொன்ன செல்வநாயகி, கடிதத்தைக் காட்டினா. "என்ரை கண்ணுக்கு எழுத்துப் பிடிபடாது. நீங்களே வாசியுங்கோ, கேப்பம்."

நல்லதாக நாலு வசனம் சொல்லிச் சமாளித்திருக்கலாம். சொல்ல வாயும் எடுத்தாள். ஆனால் செத்தவீட்டில் பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை. உறையைக் கிழித்தாள்.

"தாழையன் ஐயாவுக்கு. வடக்கிலையிருந்து வாடைக்காத்து அடிக்கேக்கை, பாயை விரிச்சுக்கொண்டு நேரை வடக்கை போக அந்தோனிக்கு என்ன விசரோ? காத்துத் தெரியாத நீங்கள் கடலிலை ஆக்களைச் சாகடிக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கடலிலை போனவர். அவர் காத்தை அறிஞ்ச மனுசன். அவரே திரும்பி வரேல்லை. அந்தோனியையாவது வர விட்டிருக்கலாம். இனி நீங்கள் பேனையைத் தொடாதேங்கோ."

வாசித்து முடித்தாள். தலை நிமிர்த்தப் பயமாக இருந்தது. நிமிர்த்தியபோது செல்வநாயகியின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறா என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை, சிரிப்பு.

"நானும் இதைத்தான் சொன்னனான்! அந்தப் பொடியனைச் சாகடியாதேங்கோ எண்டு ரெண்டு நாள் அவரோடை கதைக்கேல்லை. காத்து விசயம் எனக்குத் தெரியாமல் போச்சு. தெரிஞ்சிருந்தால் அதையும் சேத்து ஏசியிருப்பன்." கண்ணைத் துடைத்துக்கொண்டா. "இது அவரின்ரை கையிலை கிடைச்சிருந்தால் ஊர் முழுக்க வாசிச்சுக் காட்டியிருப்பார், பிள்ளை. புகழ்ந்து எழுதினதுகளை வைச்சிருக்கமாட்டார். ஏசினதுகளுக்கு ஒரு தகரப்பெட்டியே இருக்கு."

கடிதத்தை வாங்கி மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டா: "அந்த ஒருத்தர் ஆர்?"

"என்ரை அவர்."

செல்வநாயகி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டா. பிறகு எழும்பிப் போய், பனங்கட்டியும் தேத்தண்ணியும் கொண்டுவந்தா. மக்டலீன் இரண்டு கோப்பை குடித்தாள்.

திரும்பும் வழியில் வெங்காயத் தோட்டங்களுக்கு யாரோ பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் கரியரில் இருந்த மக்டலீனுக்கு உடம்பு பஞ்சாய் இருந்தது. வாற ஞாயிறு வாசிக்க என்ன இருக்கு என்று சும்மா ஒரு யோசனை ஓடியது. அப்போதுதான் அழுகை வந்தது. அடக்காமல், வாய் விட்டு அழுதாள்.

பேதுரு பிரேக் பிடித்தான். "இப்ப என்னடி?"

"தாழையன் செத்துப்போனார், அண்ணை."

"ஓம்" என்றான் பேதுரு. பிறகு மெதுவாகச் சைக்கிளை உழக்கினான். அரியாலை வரும்வரை அவள் ஆறுதலாக அழுதுகொண்டே வந்தாள்.