மூன்று போன், ஒரு மண்டபம்

திருச்செங்கோட்டில் மூன்று பேர் கூட்டாக நடத்தும் கல்யாண மண்டபத்துக்குக் குணசீலன் ஒரு காலண்டர் செயலி செய்து கொடுத்தான். ஒருவர் தன் போனில் தேதி குறித்தால், சர்வர் வழியாக மற்ற இருவர் போனிலும் அது ஏறிவிடும். இவர்கள் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால்தான் மற்ற மண்டபக்காரர்கள் வாங்குவார்கள். ஆறு மாத உழைப்பில் ஆள் பாதியாகியிருந்தான்.

மூன்று போனையும் இணைத்த அன்றே தை, வைகாசி முகூர்த்தங்கள் நிரம்பி வழிந்தன. ஒரே நாளில் மூன்று கல்யாணம். இரண்டு நாள் தேடியும் செயலியில் தப்பில்லை. நல்ல நாளையெல்லாம் ஒவ்வொருவரும் சொந்தக்காரர்களுக்கென்று, இல்லாத மாப்பிள்ளை பேரில் முன்பே தன் போனில் கமுக்கமாகப் பிடித்து வைத்திருந்தார்.

மூவரில் மூத்தவரான நாச்சிமுத்து கூப்பிட்டார். "ஏஞ்சாமி, அவங்க தேதி எனக்குத் தெரியோணும். என்ற தேதி அவங்களுக்கு எதுக்குங்க?"

"அவங்களும் அதையே கேட்டா என்னங்க பண்றது?"

"கேக்க மாட்டாங்க. அத்தனை வெவரம் பத்தாதுங்க."

மதியத்துக்குள் மற்ற இருவரும் கேட்டுவிட்டார்கள். வாதாடத் தெம்பில்லாத குணசீலன், முன்பணம் வாங்கி ரசீது போடாத தேதியை சர்வர் மற்றவர் போனுக்கு அனுப்பாதபடி மாற்றிவிட்டான்.

மறுநாள் நாச்சிமுத்து குஷியாகப் பேசினார். "அவங்க பக்கம் சுத்தமாயிருச்சுங்க! நாம பாக்கறது தெரிஞ்சதும் பயந்து அழிச்சுப்போட்டாங்க. என்ற மச்சான் மண்டபத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க சாமி."

"சரிங்க" என்றான் குணசீலன்.