மருதம்மாள் அழுத்திய இடம்

மருதம்மாளின் ஃபோனை வாங்கிப் பார்த்த மரியராஜ், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். திரையின் மேலே சங்கத்தின் பெயர் இருந்தது. அதன் கீழே, 'யாருடைய ஒரு மணி நேரமும் ஒரு மணி நேரமே' என்று அவரே எழுதிக் கொடுத்த வாசகம் இருந்தது. அதற்கும் கீழே, 'உதவி வேண்டும்' என்ற பச்சைப் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை.

குருண் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் அவர். தோட்டம் கைமாறி, ஜனங்கள் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும் அவர் கிராணி ஐயாதான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு. ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. சம்பளம் என்ற ஒன்றுதான் ஓர் ஆளை இன்னோர் ஆளுக்குக் கீழே நிறுத்துகிறது. அதை எடுத்துவிட்டால் என்ன? இப்படித்தான் பணமே புழங்காத அந்தச் சங்கம் உண்டானது. நீ ஒருவருக்கு ஒரு மணி நேரம் உழை, உனக்கு யாராவது ஒரு மணி நேரம் உழைப்பார்கள். வக்கீல் பத்திரம் எழுதினாலும் மருதம்மாள் முறுக்குச் சுற்றினாலும் மதிப்பு ஒன்றுதான். கேட்பதற்கும் கொடுப்பதற்கும் இணையத்தில் ஒரு பக்கம். அதைச் செய்து கொடுத்தவள் அவருடைய மகள் ஷாரன்; பாக்கார் ஆராங்கில் இருந்துகொண்டு கம்பெனிகளுக்கு இணையத்தளம் வடிவமைக்கிறவள். ஃபோன் இல்லாதவர்களுக்காக மரியராஜ் கோயிலில் அறிவிப்புச் செய்து, வேண்டாமென்று கிடந்த பழைய ஃபோன்களைச் சேர்த்து, தம் கையாலேயே கொடுத்தார்.

சட்டம் ஒன்றும் போட்டார். உதவியை அந்த இணையப் பக்கத்தில்தான் கேட்க வேண்டும், ஃபோனில் அழைத்துக் கேட்கக் கூடாது. வேண்டியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார் என்று நாளை எவனும் தம் குடும்பத்தை நோக்கி விரல் நீட்டிவிடக் கூடாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மருதம்மாள் அவரை அழைத்தாள். கண்புரைக்குப் பார்க்க சுங்கை பட்டாணிக்குப் போக வேண்டும், யாராவது காடி ஓட்டிக் கூட்டிப்போவார்களா என்றாள். "இணையப் பக்கத்துல கேளும்மா" என்று வைத்துவிட்டார். அவளால் போக முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி ஐந்து மாதம் தள்ளிக் கிடைத்தது. பொதுக்கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் அதைத்தான் உதாரணமாகச் சொன்னார். "விடியக்காலைல பெரட்டுக்குப் பேர் குடுக்க ஓடி வந்த ஜனங்க நீங்க. இப்ப ஒரு விரல தூக்கறதுக்குச் சோம்பேறித்தனம்." எல்லாரும் சிரித்தார்கள். மருதம்மாளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

இன்று, பயன்படாத அந்த ஃபோனைத் திரும்ப வாங்கி வேறு ஆளுக்குக் கொடுக்கத்தான் அவள் வீட்டுக்கு வந்திருந்தார்.

வாசலுக்கு வந்து ஷாரனை அழைத்தார்.

"என்ன ஃபோன்ப்பா அது? எந்த வருஷத்துது?" அவர் சொன்னதும் ஷாரனுக்குப் புரிந்துவிட்டது. "அதுல இருக்கிற பிரவுசர் ரொம்பப் பழசுப்பா. நான் எழுதினது அதுக்குப் புரியாது. புரியாதத விட்டுடும். அதான் பட்டன் வரல. நீங்க குடுத்த ஃபோன் எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கும்."

"ஏம்மா மொதல்லயே பாக்கல?"

"ரெண்டு வாரம் டைம் கேட்டேன்லப்பா, பழைய ஃபோன்ல போட்டுப் பாத்துடறேன்னு."

கேட்டிருந்தாள். கோயில் திருநாளன்று திறப்பதாகப் பங்குச் சாமியாரிடமும் ஊரிடமும் சொல்லியாகிவிட்டது, தள்ளிப்போட்டால் நம் பேர் என்ன ஆகும் என்று அதட்டியவர் அவர்தான். மகளின் புது ஃபோனில் ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்த்து, பெருமையாகத் தலையாட்டியிருந்தார்.

"என் தப்புன்னே கூட்டத்துல சொல்லிடுங்கப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க பேரு கெட வேணாம் லா."

ஃபோனை வைத்துவிட்டு உள்ளே திரும்பினார்.

மருதம்மாள் ஒரு காகிதத்தை எடுத்து வைத்திருந்தாள். திறப்பு விழாவில் எல்லாருக்கும் கொடுத்த, அந்த இணையப் பக்கத்தின் படம். அதில் பட்டன் பச்சையாக இருந்தது. அதைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்துப் பார்த்துவிட்டு, ஃபோனில் அதே இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள்.

"இங்கதானே ஐயா? எனக்குக் கண்ணு தெரியல, அதான் பச்சை மறையுதுன்னு நெனச்சேன். படத்த வச்சு அளந்து அளந்து தெனமும் அமுக்குறேன். மரம் சீவுன வெரலு, காச்சுப் போயி கெடக்குது. ஃபோன் கண்ணாடிக்கு வெரலு தெரியலயோ என்னமோன்னு கல்லுல தேச்சுகூட பாத்தேன்."

விரலை நீட்டினாள். நுனியில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"வெரல்ல ஒண்ணும் இல்ல மருதம்மா. கண்ணுலயும் இல்ல. அங்க பட்டனே இல்ல. அவசரப்பட்டுத் தொறந்தது நான்."

அவள் காகிதத்தை நாலாக மடித்தாள். "அப்ப அன்னிக்குக் கூட்டத்துல சொன்னீங்களே ஐயா" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. பிறகு, "ஞாயித்துக்கெழம கூட்டத்துல இதயும் சொல்வீங்களா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கிராணி ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நின்று லீவு கேட்பதுபோல் கேட்டாள்.

சொல்வதாக அவர் தலையசைத்தார். அது அவளுடைய கண்ணுக்குத் தெரிந்ததோ என்னவோ.

"இத வாங்கத்தானே வந்தீங்க, கொண்டு போங்க" என்று ஃபோனை நீட்டினாள்.

வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காடியில் போய் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பவில்லை. ஃபோன் இன்னும் அணையாமல், கஞ்சி போட்ட துணிக்குள்ளிருந்து வெள்ளையாக வெளிச்சம் காட்டியது. வெளியே எடுத்தார். வாசலில் மருதம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் காட்டிய இடத்தில் தம் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக.