புல்லுக்கு வந்த தண்ணீர்

கிழக்கு வெளுக்கும் முன்பே புல் வந்து இறங்கிவிட்டது. மண்ணோடு அறுத்துப் பாய்போலச் சுருட்டிய புல். வெயில் ஏறுவதற்குள் விரித்துத் தண்ணீர் காட்டாவிட்டால் சுருளுக்குள்ளேயே வெந்து மஞ்சளாகிவிடும். பின்னாலேயே தண்ணீர் லாரியும் வந்து நின்றது. மாலையில் புதுவீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். அதற்குள் கட்டாந்தரை பச்சையாகிவிட வேண்டுமாம்.

தோட்டத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை நீரூற்றும் விளக்குகளும் விழுங்கியிருந்தன. கையைக் கடித்ததும் வீட்டுக்காரர் கல் தூக்கும் இயந்திரத்தை வேண்டாமென்றார். புல் விரிக்க வந்த எங்கள் கூலியிலும் கால்வாசியை வெட்டினார். இளைத்தவன் மேல்தானே எப்போதும் கத்தி விழும்.

ஆகவே தோட்டத்தில் போட வந்த வெள்ளைக்கல் பெஞ்சை நாங்களே கயிறு கட்டித் தூக்கினோம். ஈரமண் வழுக்கியது. கல், எங்களோடு தூக்கிய நெட்டையனின் பாதத்தில் இறங்கியது. கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டியபோது செருப்பு எது, கால் எது என்று தெரியவில்லை.

மண் சுமந்துகொண்டிருந்த அவன் மனைவி, கூடையைப் போட்டுவிட்டு லாரிக் குழாயை நோக்கி ஓடினாள். வீட்டுக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

"இது புல்லுக்கு அளந்து வாங்கின தண்ணிம்மா. இதுக்கு மேல என் பட்ஜெட் தாங்காது."

"கால் கழுவ ஒரு குடம் போதும் சார்."

அவர் பெஞ்சைப் பார்த்தார். "வெள்ளைக் கல்லாச்சே, ரத்தம் ஊறிடுமே" என்றபடி குழாயை அதன்மேல் திருப்பினார். தண்ணீர் சீறிப் பாய்ந்தது. கல் பளிச்சென்றானது. கழுவிய நீர் அவள் காலடியில் சிவப்பாக ஓடியது.

அவருக்குக் கும்பிடு போட்டே பழகிய எங்கள் மேஸ்திரி, தலைத்துண்டை அவிழ்த்துக் காலைக் கட்டினார். "சார், உங்க கார்ல கூட்டிட்டுப் போங்க. வைத்தியச் செலவும் நீங்கதான் பார்க்கணும்."

"பார்த்துத் தூக்காதது உங்க தப்பு. புல்லு காயுது, முதல்ல அதைக் கவனிங்க."

லாரி ஓட்டுநர் எங்களுக்கு முன்பின் தெரியாதவர். அவர் வந்து வால்வை மூடினார், குழாயைச் சுருட்டினார்.

"யோவ், தண்ணி?"

"வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகுது. தண்ணியும் கூடத்தான் போகும்."

நெட்டையனையும் அவளையும் ஏற்றி அனுப்பினோம். மேஸ்திரி போய் ஒரு புல்சுருளின்மேல் உட்கார்ந்தார். நாங்களும் ஆளுக்கொன்றில் உட்கார்ந்தோம்.

"சரி, வெட்டின கூலியைத் தந்துடறேன். எழுந்திரிங்க" என்றார் வீட்டுக்காரர்.

"நெட்டையன் காலு?" மேஸ்திரி கேட்டார்.

வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நீ மட்டும் விரி. உனக்கு ரெட்டைக் கூலி."

வீட்டில் அரிசி இல்லை. பொய் சொல்வானேன், மனம் ஒரு கணம் ஆடத்தான் செய்தது.

"அவன் காலைப் பத்திப் பேசுங்க சார்" என்றேன்.

நாளை யார் எங்களுக்கு வேலை தருவார்களோ, தெரியாது. வெயில் ஏறியது. உட்கார்ந்த இடத்தில் புல் சூடேறுவது உடம்புக்குத் தெரிந்தது. ஒருவரும் எழவில்லை.